உள்ள தெறந்து பார்த்த கிடார்கள்: பழசா, ரீஇஷ்யூவா?

சிம்மக்கல் சால்டரிங்:

கிப்ஸன் 335 ஒண்ணு (நடுவுல கட்டை, ரெண்டு பக்கமும் காலியா இருக்கிற எலக்ட்ரிக் கிடார்), 1959ல செஞ்சதுன்னு சொல்லி விலைக்கு வந்துச்சு. அது நெசமாவே பழசா, இல்ல ரீஇஷ்யூவா, அதாவது பழைய மாடலைக் கம்பெனியே பின்னால திரும்பச் செஞ்சதாங்கிறதுதான் கேள்வி. சன்பர்ஸ்ட் (நடு வெளுப்பு, ஓரம் கருப்பு பெயின்ட்), டாட் இன்லே (நெக்ல பதிச்ச புள்ளி), ஓரத்து பைண்டிங் பட்டை மஞ்சளேறிக் கெடக்கு, நிக்கலெல்லாம் மங்கிப்போச்சு. வெளிய ஒரு குத்தம் சொல்ல முடியாது. மேல்பலகையில கீழ்ப்பக்க எஃப்-ஹோல்ல (f எழுத்து வடிவ ஓட்டை) பல் டாக்டர் வைக்கிற வட்டக் கண்ணாடியை விட்டுப் பார்த்ததுலதான் கதை மாறுச்சு. (மேல் ஓட்டைல டார்ச் அடிச்சா இந்தப் பக்கம் வெளிச்சம் வராது, நடுவுல சென்டர் பிளாக்னு ஒரு மரக்கட்டை அடைச்சு நிக்கும். கண்ணாடி போற அதே ஓட்டைக்குள்ள சின்ன எல்இடி போகணும்.)

பிரிட்ஜ் (தந்தியைத் தாங்குற பாகம்) பக்கத்துப் பிக்கப்புக்கு (தந்தி அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்) நேர் கீழ பிளாக்கைச் சதுரமா வெட்டி எடுத்திருக்கு. ஆரம்பகால 335ல அந்த வெட்டு கிடையாது. நெக் அடியில இருந்து ஸ்ட்ராப் பட்டன் வரைக்கும் மேப்பிள் பிளாக் முழுசா ஓடும், பிக்கப் வயர் வர ஒரு துளை மட்டும் இருக்கும். அதனால நாலு பாட் (சத்தத்தையும் டோனையும் திருகிக் கூட்டிக் குறைக்கிறது), ஸ்விட்ச், ஜாக் எல்லாத்தையும் எஃப்-ஹோல் வழியாத்தான் திணிச்சாகணும். இந்த அவஸ்தைக்காகத்தான் 60கள்ல பிளாக்கை வெட்ட ஆரம்பிச்சாங்க, வயரிங் மொத்தமும் பிக்கப் குழி வழியாவே எறங்கிரும்.

இந்தக் கிடார்ல வெட்டு மூலை ரெண்டும் ஒரே அளவு வளைவு, மரம் வெளுப்பா இருக்கு, ஓரத்துல பசை பளபளன்னு நிக்குது. பிளாக்குக்கும் மேல்பலகைக்கும் நடுவுல ஸ்ப்ரூஸ் பட்டை, வாள்கீறல் போட்டு வளைச்சது, அது சரியாவே இருக்கு. ஆனா அது ரெண்டு காலத்துலயும் உண்டு, அதை வச்சு வருஷம் சொல்ல முடியாது. டாட் 335யை 1981ல திரும்பக் கொண்டு வந்தாங்க. இது அதுக்கப்புறம் வந்ததுன்னுதான் எனக்குப் படுது. உள்ள பார்த்ததுல உங்க மனசுல தங்கிப்போனது எதுன்னு எழுதுங்க.

உசிலை உளி:

அண்ணே, வெட்டு இருந்தா 59 இல்லைன்னு அடிச்சுச் சொல்லிறாதீங்க. பின்னால வயரிங் மாத்துன யாரோ ஒருத்தர் பொறுமை இல்லாம பிளாக்கைக் கொத்தி எடுத்த பழைய கிடாரும் இருக்கு. அதுல உளித் தடம் கோணல் மாணலா இருக்கும், மூலை வளைவு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது. நீங்க சொன்ன ஒரே அளவு வளைவுதான் சாட்சி, வெட்டு இருக்குங்கிறது இல்ல. பாட் முதுகுல கோடு பார்த்தீங்களா? 137ன்னு ஆரம்பிச்சா சிடிஎஸ் கம்பெனி செஞ்சது, 134ன்னா சென்ட்ராலாப் கம்பெனி. 50கள்ல அதுக்கு அப்புறம் வருஷத்துக்கு ஒரே இலக்கம், வாரத்துக்கு ரெண்டு. 137912ன்னா 59ஆம் வருஷம் 12ஆம் வாரம். 60கள்ல வருஷத்துக்கு ரெண்டு இலக்கம் ஆயிருச்சு. பாட்டைக் கூட மாத்தியிருக்கலாம், அதனால சால்டர் கலையாம இருக்கான்னு பார்த்துட்டுத்தான் அந்த நம்பரை நம்பணும்.

நான் சொல்ல வந்தது ஒரு லெஸ் பால், கிப்ஸனோட கெட்டி மரக் கிடார். '59 ரீஇஷ்யூ, கஸ்டம் ஷாப்' (கிப்ஸனோட தனிப் பட்டறை)னு பேச்சு. தராசுல நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல, அது சரியான எடைதான். நெக் பிக்கப் வளையத்தோட நாலு திருகையும் கழட்டிக் குழிக்குள்ள பார்த்தா நெக்கோட நாக்கு (பாடிக்குள்ள சொருகுற முனை) உள்ள வரவே இல்ல, முன் சுவரோட முடிஞ்சுபோச்சு. 50கள்ல செஞ்சதுலயும் அதைப் பார்த்துச் செய்யுற ஹிஸ்டாரிக் ரீஇஷ்யூலயும் அந்த நாக்கு பிக்கப் குழிக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும்.

விக்கிறவர் ஒத்துக்கல. கடைசியில தெரிஞ்ச ஸ்கேன் சென்டர்ல எக்ஸ்ரே எடுத்தாச்சு. பிலிமை வெளிச்சத்துக்கு நேராத் தூக்குனா ஒன்பது வட்டம்! மேப்பிள் மூடியை ஒட்டுறதுக்கு முன்னாடி மஹாகனில ஒன்பது துளை போடுற முறை 80களின் தொடக்கத்துல வந்தது. சாதாரண அமெரிக்க லெஸ் பால்ல 2006 வாக்குல அதை விட்டுட்டு உள்ளயே பெரிய அறைகளாக் குடைய ஆரம்பிச்சாங்க. 59ஐ அப்படியே செய்யுற ரீஇஷ்யூ உள்ள கெட்டியா, துளையே இல்லாம இருக்கும். அந்த ஒன்பது வட்டத்துக்கு மேல பேச்சு கெடையாது.

69ல இருந்து 70களின் நடு வரைக்கும் வந்ததுன்னா எக்ஸ்ரே கூட வேணாம். மஹாகனி ரெண்டு துண்டு, நடுவுல மெல்லிசா ஒரு மேப்பிள் தகடு. பக்கவாட்டுல அந்தக் கோடு பாடியைச் சுத்தி ஓடும், பெயின்ட் மேலயே விரல்ல தட்டுப்படும்.

வண்டியூர் ட்ரெமோலோ:

ஃபெண்டர் ஸ்ட்ராட் கிடார், 62ன்னு வந்தது. பிக்கார்டுல (பாடி மேல மூடுற தகடு) 11 திருகு, பச்சை படிஞ்ச பிளாஸ்டிக், எல்லாம் நேர்த்தியா இருக்கு. பிக்கார்டைத் தூக்குனா உள்ள நம்ம தெப்பக்குளம். நெக்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் ஒரே தொட்டி. 62ல மூணு பிக்கப்புக்கு மூணு தனிக்குழி, நடுவுல மரம் நிக்கும். 1982ல ஃபெண்டர் போட்ட 57, 62 ரீஇஷ்யூலயும் அதே மூணு குழிதான். ஒரே தொட்டி 80களின் கடைசியிலயும் 90கள்லயும் ஃபெண்டர் விட்ட அமெரிக்கன் ஸ்டாண்டர்டுங்கிற மாடலோட பாடி. எந்தப் பிக்கப் வேணும்னாலும் போட்டுக்கலாம்னு அப்படி ஒரே குழியா எடுத்தாங்க.

அதோட போகல. ட்ரெமோலோ (ஆட்டி ஸ்வரத்தை அசைக்கிற பிரிட்ஜ்) தகட்டைக் கழட்டினா ஆறு சின்னத் திருகு ஓட்டைக்கு ரெண்டு ஓரத்துலயும் பெரிய வட்ட மரமுளை அடிச்சு அடைச்சிருக்கு. அமெரிக்கன் ஸ்டாண்டர்டுக்கு ரெண்டு தடிமனான முளையில நிக்கிற பிரிட்ஜ். அந்த ஓட்டையை அடைச்சு, புதுசா ஆறு ஓட்டை போட்டு, மேல பெயின்ட் அடிச்சு 62ன்னு சொல்லியிருக்காங்க. ரீஇஷ்யூவை ஒரிஜினல்னு சொன்னாக் கூட மரவேலையாவது பொருந்திப் போகும். இதுல அதுவும் இல்ல. அந்த முளையோட ரேகை குறுக்கா ஓடுறது கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது.

மரத்துக்கும் ஒரு வார்த்தை. 56 நடு வரைக்கும் ஸ்ட்ராட் பாடி ஆஷ், அப்புறம் ஆல்டர். வெளிர்மஞ்ச பிளாண்ட் பெயின்டுக்கு மட்டும் ஆஷ் தொடர்ந்துச்சு. '62 சன்பர்ஸ்ட்'னு சொல்றதுல குழிக்குள்ள பெரிய பெரிய ஆஷ் ரேகை தெரிஞ்சா அங்கயே நிறுத்திக் கேள்வி கேளுங்க. ஜப்பான்ல செஞ்ச ரீஇஷ்யூ நெறையா பாஸ்வுட். அது ரேகையே இல்லாம வெளுப்பா இருக்கும், நகத்தால அழுத்துனா பதியும்.

அழகர்மலை ஆம்ப்:

எல்லாரும் வருஷத்தையே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. உள்ள என்ன இருக்குங்கிறது மேடையிலதான் தெரியும்.

சித்திரைத் திருவிழா சமயம் ஒரு கச்சேரி, கிரெட்ச் 6120ங்கிற ஹாலோ மாடல் (உள்ள காலியா இருக்கிறது) ரெண்டு கிடார். ஒண்ணு 59 மாடல் ரீஇஷ்யூ, இன்னொண்ணு 90கள்ல வந்தது. ஒரே ஆம்ப், ஒரே இடம். 90கள்ல வந்தது கீழ்த் தந்தியில ‘ஜி’ பிடிச்சதும் ஊளை (ஃபீட்பேக்) விட ஆரம்பிச்சிருச்சு, கையால தந்தியை அமுக்கினாலும் நிக்கல. 59 ரீஇஷ்யூ கம்முனு இருந்துச்சு. கண்ணாடி விட்டுப் பார்த்தா காரணம் தெரியுது. 90கள்ல வந்ததுல மேல்பலகைக்கு அடியில ரெண்டு நீளச் சட்டம் மட்டும். 59 ரீஇஷ்யூல அந்தச் சட்டத்துல இருந்து கால் எறங்கி முதுகுப் பலகையைத் தொட்டு நிக்குது. 58லிருந்து 61 வரைக்கும் கிரெட்ச் போட்ட டிரெஸ்டில் சட்டம் அதுதான். மேல்பலகையும் முதுகும் ஒண்ணா இறுகிப் போறதால பலகை தானா அதிராது. நீங்க நெனைக்கிற மாதிரி பழசு எல்லாமே ஒரே மாதிரி இல்ல, ரீஇஷ்யூவும் எல்லாமே ஒரே மாதிரி இல்ல. 2003க்கு முன்னாடி வந்த கிரெட்ச் ரீஇஷ்யூல இந்தக் கால் இருக்காது, அதுக்கப்புறம்தான் திரும்ப வந்துச்சு.

வண்டியூர் தம்பிக்கு: குழி பெருசா இருக்கிறதால ஸ்ட்ராட் சத்தம் கெட்டுப்போச்சுன்னு யாரும் சொல்ல வந்தா நம்பாதீங்க. பிக்கப், தந்தி, நெக் ஜாயின்ட் இறுக்கம், இதெல்லாம் முதல்ல.

கேக்காமலே சொல்றேன், ஹாலோ கிடார் வச்சிருக்கவங்க திருவிழா மேடைக்குப் போகும்போது செய்ய வேண்டியது. எஃப்-ஹோல் ரெண்டையும் உள்பக்கமா ஸ்பாஞ்ச் வச்சு அடைங்க. ஸ்பாஞ்ச் ஓட்டையை விட ஒரு சுத்து பெருசா, அமுக்கி உள்ள விட்டா தானா விரிஞ்சு நிக்கிற அளவு. டேப் போட்டு மூடாதீங்க, அக்கினி வெயில்ல பசை உருகி லாக்கர் பூச்சைப் பிச்சுரும். புளூஸ் கிடாரிஸ்ட் பி.பி. கிங் தன்னோட கிடார்ல துணி அடைச்சுத்தான் வாசிச்சார். 1980ல கிப்ஸன் அவருக்காகப் போட்ட லூசில் மாடல்ல எஃப்-ஹோலே கிடையாது. மானிட்டர் ஸ்பீக்கருக்கு நேரா நிக்காம சாய்வா நில்லுங்க. ஆம்ப்பை முதுகுக்கு நேர் பின்னாடி வைக்காதீங்க. ஊளை எந்த ஸ்வரத்துல வருதுன்னு கண்டுபிடிச்சு மிக்ஸர்ல அந்த இடத்தை மட்டும் 3, 4 டெசிபெல் குறைங்க, பேஸ் மொத்தத்தையும் வெட்டிறாதீங்க. உள்ள ஒரு சட்டம் பசை விட்டிருந்தாலும் இதே மாதிரி ஊளையும் கரகரப்பும் வரும். விரல் முட்டியால மேல்பலகை முழுக்கத் தட்டிப் பாருங்க, ஒரு இடத்துல மட்டும் ‘டர்’னு கேட்டா அங்கதான் விட்டிருக்கு.

திருமங்கலம் தந்தி:

டேன்எலக்ட்ரோ கம்பெனி கிடாரை யாரும் சொல்லல. 1950கள்ல வந்தது பாப்லர் மரச் சட்டம், மேலயும் கீழயும் ஹார்ட்போர்டு (மரநாரை அமுக்கிச் செஞ்ச பலகை), பக்கத்தைச் சுத்தி வினைல் பட்டை, நடுவுல நெக்ல இருந்து பிரிட்ஜ் வரை ஒரு கட்டை. மத்தது காலி. 1998ல வந்த ரீஇஷ்யூ பாக்க அதே தான். வந்தது ஓரம் பிளந்து கெடந்த ஒண்ணு, பிளவுக்குள்ள சட்டத்தோட அடுக்கு அடுக்கான விளிம்பு தெரிஞ்சுச்சு. பிளைவுட்! பழசுல நெக்ல அசைக்க முடியாத இரும்புச் சட்டம், ரீஇஷ்யூல திருப்பிச் சரிபண்ணுற டிரஸ் ராடு.

ஐப்பசி, கார்த்திகையில இதை வச்சிருக்கவங்க ஜாக்கிரதை. ஹார்ட்போர்டு ஈரத்தைக் குடிச்சா ஊதிரும், ஊதுனது திரும்ப அமுங்காது. ஓரம் பிளந்துச்சுன்னா உடனே வெள்ளைப் பசையை ஊத்தி அமுக்குறாங்க. அதுல இருக்கிற தண்ணியே போர்டை இன்னும் ஊத வைக்கும். முதல்ல நெழல்ல, ஃபேன் காத்துல நல்லா காய விடுங்க, வெயில்ல வேணாம். பஞ்சு மாதிரி பிரிஞ்ச விளிம்புல தண்ணியா ஓடுற சூப்பர் க்ளூவைச் சொட்டுச் சொட்டா விட்டு இறுக வச்சு, 240 உப்புத்தாள்ல லேசாத் தேய்ங்க. அப்புறம் சட்டத்தோட ஒட்ட எபாக்ஸி. கிளாம்பை நேரா போர்டு மேல வச்சா குழி விழும், ரெண்டு பக்கமும் தட்டையான பலகை கொடுத்து, நடுவுல பாலித்தீன் தாள் வச்சு இறுக்குங்க. ஒரு ராத்திரி விடணும். வினைல் பட்டைக்கு மட்டும் செருப்புக்கடை ரப்பர் சொல்யூஷன், ரெண்டு பக்கமும் தடவி, கையில ஒட்டாத பதம் வந்ததும் ஒட்டுங்க. பிரிட்ஜ் திருகு ஹார்ட்போர்டை மட்டும் பிடிச்சா பிச்சுக்கிட்டு வரும், கீழ இருக்கிற கட்டை வரைக்கும் போகணும். நீளம் பத்தலைன்னா நீளத் திருகு போடுங்க, தடிமன் திருகு போட்டுக் கட்டையைப் பிளக்காதீங்க.

உசிலை உளி:

எபாக்ஸி போட்டா அடுத்த தடவை யாரும் பிரிக்க முடியாது. ரீஇஷ்யூவுக்குச் சரி. 58 பாடிக்கு வேணாம், பழைய விலை வேணும்னா திரும்பப் பிரிக்கிற மாதிரி இருக்கணும். சூடா உருக்கி ஊத்துற வஜ்ரப் பசை போதும், கெட்டியா, கொஞ்சமா, தண்ணி ஓடாத பதத்துல.

திருமங்கலம் தந்தி:

வஜ்ரத்துலயும் தண்ணி இருக்குண்ணே. கெட்டியாப் போட்டா பிளவுக்குள்ள எறங்காது, தண்ணியாப் போட்டா போர்டு குடிக்கும். மரத்துக்கு மரம்னா நீங்க சொல்றது சரி. ஹார்ட்போர்டுக்கு நான் எபாக்ஸிதான் சொல்லுவேன்.

கோச்சடை:

வண்டியூர் அண்ணே, ஒரு கேள்வி. எனக்கு வந்த ஸ்ட்ராட்ல மூணு தனிக்குழி, ஆல்டர், ஆறு திருகு, எல்லாம் சரி. பிக்கார்டுக்கு அடியில சின்னச் சின்ன ஆணி ஓட்டையும் இருக்கு. ஒரிஜினல்னு நம்பலாமா?

வண்டியூர் ட்ரெமோலோ:

ஆணி ஓட்டை இருந்தா மட்டும் போதாது தம்பி, ஓட்டைக்குள்ள பாருங்க. 64 வரைக்கும் பாடி முகத்துல ஆணி அடிச்சுட்டு, காயும்போது அதுமேல நிக்க வைப்பாங்க. பெயின்ட் அடிச்சு முடிச்ச பிறகு ஆணியைப் பிடுங்குறதால ஓட்டைக்குள்ள வெறும் மரம்தான் இருக்கணும். உள் சுவர்ல பெயின்ட் வழிஞ்சிருந்தா ஓட்டை முதல்ல, பெயின்ட் அப்புறம். ஒண்ணு போலி, இல்ல பின்னால ரீபெயின்ட். நெக்கோட நாலு திருகையும் கழட்டிப் பாக்கெட்டையும் பாருங்க. 60களின் தொடக்கத்துல அங்க ஒரு குச்சியைத் திருகி, அதைப் பிடிச்சுக்கிட்டு பெயின்ட் அடிக்க ஆரம்பிச்சாங்க. குச்சி இருந்த இடம் பட்டையா பெயின்ட் இல்லாம நிக்கும், பட்டையோட விளிம்புல பெயின்ட் மேடு லேசா விரல்ல தட்டும். டேப் ஒட்டி மறைச்சுச் செஞ்ச போலிப் பட்டையில விளிம்பு கத்தியால வெட்டுன மாதிரி நேரா இருக்கும். தந்தியைத் தளர்த்திட்டு நெக்கைக் கழட்டுங்க, திருகை எந்த ஓட்டைல இருந்து எடுத்தீங்களோ அதே வரிசையில தெர்மோகோல்ல குத்தி வைங்க. படம் எடுத்துப் போடுங்க, பாக்கெட்டோட மூலையும் தெரியணும்.