பாசிப்பயறில் வேர்முடிச்சு மிகக் குறைவு: உப்புதானா, வேறு காரணமா?

மண், பயறு வகை தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

விதைத்து 28 நாள் ஆன பாசிப்பயறு. அடி இலைகளின் ஓரம் கருகுகிறது. வளர்ச்சி திட்டுத்திட்டாகக் குன்றியிருக்கிறது. மண்ணோடு தோண்டிக் கழுவிப் பார்த்தால் செடிக்கு இரண்டு மூன்று முடிச்சுதான். நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு இல்லை, வெளிர் பச்சை. அதாவது தழைச்சத்து நிலைநிறுத்தம் நடக்கவில்லை. விதையில் ரைசோபியம் (வேர்முடிச்சில் இருந்து காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா) கலந்துதான் விதைத்தது.

மண் பரிசோதனை: கார அமில நிலை 7.9, மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டுவது) 1.4 டெசிசீமன்ஸ்/மீட்டர். ஆனால் இது 1:2 கரைசலில் (ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர்) எடுத்த அளவு. பயிர்களின் தாங்குதிறன் அட்டவணைகளோ செறிவுச் சாறு (நீர் முழுக்க ஊறிய மண் குழம்பிலிருந்து பிரித்த நீர்) அளவில் இருக்கின்றன (பீன்ஸுக்கு 1.0, தட்டைப்பயறுக்கு 4.9). 1:2 அளவை அப்படியே ஒப்பிட்டால் உப்பு குறைவு போலத் தோன்றி ஏமாற்றும்.

என் கேள்விகள்:

1. களிமண் கலந்த வண்டலுக்கு இந்த 1.4-ஐச் செறிவுச் சாறு அளவாக மாற்ற எத்தனையால் பெருக்குகிறீர்கள்?

2. ரைசோபியம் உப்பைத் தாங்கினாலும் வேர்த்தூவியில் அது நுழைவது தடைபடும் என்பது தெரியும். இங்கே நடப்பது அதுவா, விதையில் கலந்த ரைசோபியமே செத்துப்போனதா? எப்படிப் பிரித்தறிவது?

3. சோடியம் அளவு இன்னும் வரவில்லை. அது வராமல் ஜிப்சம் போட மனமில்லை. சோடியம் மிகாமல் உப்பு மட்டும் மிகுந்த வெறும் உவர் மண்ணுக்கு ஜிப்சம் வீண். வடிகால் நன்றாக இருக்கிறது. 30 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய அதே அளவு நீர் தேக்கி வடித்தால் பெரும்பகுதி உப்பு இறங்கும் என்பது கணக்கு. பயறு நிற்கும்போது தேக்கினால் வேர் அழுகும். அறுவடைக்குப் பிறகுதான் வழியா?