ஏ.ஏ.ஓ துளையில வார்த்த நானோ கம்பி நிற்கவே மாட்டேங்குது, உதவி தேவை

ஊவாக்குயில்:
அண்ணாமார், அக்காமார், அவசரம். ஏ.ஏ.ஓ வட்டுக்கு (நானோ துளைகள் உள்ள அலுமினா வட்டு) மேல பொலிமர் படலத்த வச்சு ஓவன்ல உருக்கி துளைக்குள்ள இறக்கினேன். பிறகு சோடியம் ஐதரொட்சைட்டுல அலுமினாவக் கரைச்சுக் கழுவி எடுத்தேன். எஸ்.ஈ.எம்ல (இலத்திரன் நுணுக்குக்காட்டி) பார்த்தா ஒரு கம்பிகூட நேரா இல்ல. எல்லாம் படுத்து, கத்தை கத்தையா ஒட்டிக் கிடக்கு. படலமும் பழுப்பாகிருச்சு. வெள்ளிக்கிழமை திரும்ப எஸ்.ஈ.எம் நேரம் கிடைச்சிருக்கு. என்ன மாத்தணும்?

ஹந்தானைத்தூறல்:
எந்தப் பொலிமர்? துளை விட்டம், வட்டின் தடிப்பு? எத்தனை பாகை, எவ்வளவு நேரம்? ஐதரொட்சைட்டின் செறிவு? கழுவிய பிறகு எப்படிக் காயவைத்தீர்கள்?

கொட்டகலை_மழை:
ஈரப்பதம்தான். மழைக்காலத்துல நம்ம பக்கம் படலம் வார்த்தா பால் மாதிரி வெளுத்து, உள்ளுக்குள்ள ஓட்டை ஓட்டையா வரும். அத உருக்கினா காத்துக் குமிழி துளைவாய அடைச்சிரும். படலம் வார்க்கிற கண்ணாடிய 60 பாகை சூட்டுத்தட்டுல வச்சு வாருங்க.

பழைய_கை:
பொலிமரின் பெயரைக்கூடச் சொல்லாமல் உதவி கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. ஸ்டைன்ஹார்ட் குழு 2002இல் சயன்ஸ் இதழில் எழுதியதை முதலில் படியுங்கள், தங்கச்சி. அலுமினாச் சுவரின் மேற்பரப்பு ஆற்றல் அதிகம். உருகிய பொலிமர் முதலில் சுவரோடு மெல்லிய தோலாகத்தான் ஏறும். நடு அப்புறம்தான் நிரம்பும். உங்களிடம் இருப்பது குழாய், கம்பியல்ல. அதனால்தான் மடிந்திருக்கிறது. பழுப்புக்குக் காரணம் ஓவன் சூடு.

ஊவாக்குயில்:
பொலிமர் பி.வி.டி.எஃப் (பொலிவினைலிடீன் புளோரைட்டு). டீ.எம்.எஃப்ங்கிற கரைப்பான்ல கரைச்சு வார்த்தது. வட்டு வாங்கினது, துளை 200 நானோமீட்டர், தடிப்பு 60 மைக்ரோமீட்டர். 210 பாகை, 2 மணித்தியாலம். ஐதரொட்சைட்டு 2 மோலர், இரவு முழுக்க. தண்ணியில கழுவி அப்படியே காய விட்டேன்.

ஹந்தானைத்தூறல்:
இப்போது விளங்குகிறது. பழுப்புக்கு ஓவன் காரணமல்ல. பி.வி.டி.எஃப் 170 பாகை அளவில் உருகும், 210ஐத் தாங்கும். காரத்தைத்தான் தாங்காது: ஐதரொட்சைட்டு சங்கிலியிலிருந்து ஐதரசன் புளோரைட்டைக் கழற்றிவிடும், அந்த இடத்தில் காபன் இரட்டைப் பிணைப்புகள் தொடராக உண்டாகும். அதுதான் அந்த நிறம். உருக்காத படலத் துண்டொன்றை அதே கரைசலில் போட்டுப் பாருங்கள். பழுப்பானால் ஓவனைச் சந்தேகிக்கத் தேவையில்லை.

அலுமினாவைக் கரைக்க 5 முதல் 10 வீத பொசுபோரிக் அமிலம் போதும். ஆனால் மெதுவாகத்தான் தின்னும்: 5 வீதத்தில், 30 பாகையில், வெற்றுத் துளையின் விட்டம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 நானோமீட்டர்தான் அகலும். நம் ஊர் அறைக்குளிரில் அதுவும் குறையும், நீர்த்தொட்டியில் 30இல் பிடித்து வையுங்கள்.

கம்பி படுப்பதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 60 மைக்ரோமீட்டர் நீளம், 200 நானோமீட்டர் தடிப்பு, 300 மடங்கு. நீர் வற்றும்போது அதன் பரப்பிழுவிசை பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளைச் சேர்த்து இழுத்துவிடும். இந்த நீளத்துக்கு எப்படிக் காயவைத்தாலும் நிற்காது. குட்டை வார்ப்பு நீங்களே செய்யுங்கள்: தூய அலுமினியத் தகட்டை நேர்முனையாக வைத்து, 0.3 மோலர் ஒக்சாலிக் அமிலத்தில், 40 வோல்ட்டில், 5 பாகைக்குக் கீழே மின்னோட்டம் பாய்ச்சுங்கள். துளைக்குத் துளை 100 நானோமீட்டர் வரும், ஒக்சைட்டு மணித்தியாலத்துக்கு 2 மைக்ரோமீட்டர் அளவில் வளரும். மசுடாவின் 1996 முறைப்படி முதல் ஒக்சைட்டைப் பொசுபோரிக்–குரோமிக் கலவையில் 60 பாகையில் கரைத்துவிட்டு (குரோமிக் கழிவைச் சிங்கில் ஊற்றவே கூடாது), இரண்டாம் தடவை 15 நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். அரை மைக்ரோமீட்டர் ஆழம் கிடைக்கும். பொசுபோரிக்கில் 70 நானோமீட்டருக்கு அகலப்படுத்தினால் 7 மடங்குதான், நிற்கும்.

இன்னொன்று, வட்டைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்ததா? அது பொலிப்ரொப்பிலீன். 160 பாகை அளவிலேயே உருகிவிடும். 210இல் அதுவும் துளைக்குள் இறங்கியிருக்கும்.

கொட்டகலை_மழை:
காய வைக்க டெர்ட்-பியூட்டனோல் பாருங்க. 25 பாகைக்கு மேலதான் திரவம். நுவரெலியாப் பக்கம் போத்தலுக்குள்ளேயே கட்டியாக் கிடக்கும், வெதுவெதுப்பான தண்ணியில நிறுத்தி இளக்கணும், நெருப்பு கிட்டவே வேணாம். தண்ணிய எதனோலால மாத்தி, பிறகு இதால மூணு தரம் மாத்தி, உறைஞ்ச பிறகு வெற்றிடப் பம்புல பதங்கமாக விடுங்க. பம்புக்கு முன்னால, ஆவிய உறைய வச்சுப் பிடிக்கிற குளிர்ப்பொறி கட்டாயம்.

பழைய_கை:
இத்தனை பாடு எதற்கு? துளைக்குள் அடைத்தாலே பீட்டா (பி.வி.டி.எஃப்பின் முனைவுள்ள பளிங்குக் கட்டம்) வந்துவிடும். கரைக்காமல் வட்டோடு வைத்தே எஃப்.டி.ஐ.ஆரில் (அகச்சிவப்பு நிறமாலை) பார்க்கலாம்.

மகாவலிக்கரை:
வராது சேர். உருக்கிக் குளிரவிட்டால் வழக்கமாக வருவது முனைவில்லாத ஆல்பா கட்டம். நிறமாலையில் 763, 795, 976 செ.மீ⁻¹இல் உச்சி வந்தால் ஆல்பாதான். 840ஐ மட்டும் காட்டிப் பீட்டா என்று எழுதுகிறார்கள். அது காமா என்ற இன்னொரு கட்டத்துக்கும் உண்டு. பீட்டாவுக்கு 1275, காமாவுக்கு 1234 பார்க்கணும். வட்டோடு வைத்தால் 1000க்குக் கீழே அலுமினாவே எல்லாவற்றையும் விழுங்கிவிடும், ஆல்பா உச்சிகள் தெரியவே தெரியாது.

பழைய_கை:
துளைக்குள் காமா வந்ததாகவும் கட்டுரை இருக்கிறது. காமாவும் முனைவுள்ள கட்டம்தான்.

மகாவலிக்கரை:
இருக்கு. ஆனா காமாவின் முனைவு பீட்டாவைவிடக் குறைவு. நீங்க சொன்னது பீட்டா. பீட்டா மாதிரிக் கட்டம் நேரடியா வேணும்னா டிரைபுளோரோஎதிலீன் சேர்ந்த கோபொலிமர் எடுக்கணும்.

ஊவாக்குயில்:
துண்டு பழுப்பாயிருச்சு. வளையமும் இருக்கு. அமிலத்துல போட்டிருக்கேன். எல்லாருக்கும் நன்றி.

ஹந்தானைத்தூறல்:
வளையம் உருகிய அந்த வட்டை வெள்ளிக்கிழமை கொண்டு போகாதீர்கள். புது வட்டில் வளையத்தை வெட்டி நீக்கிவிட்டு நிரப்புங்கள், கரைக்காமலே முறித்துக் குறுக்குவெட்டைப் பாருங்கள். குழாயா கம்பியா என்பது அதிலேயே தெரியும்.

கொட்டகலை_மழை:
வெள்ளி போயிருச்சே தங்கச்சி, குறுக்குவெட்டு எப்படி வந்துச்சு? படம் போடுங்க.