வெண்டர் ஃபண்டிங்கை நம்பி கிளவுடுக்கு மாறியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பழைய ரேக்:
சொந்த சர்வர்களை விட்டு கிளவுடுக்குப் போவதென்று எங்கள் நிறுவனத்தில் முடிவாகிவிட்டது. வந்து பேசுகிற கிளவுட் வெண்டர்கள் எல்லாரும் மைக்ரேஷன் (இடம் மாற்றும்) செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார்கள். அமேசானில் மேப், மைக்ரோசாஃப்டில் அஸூர் அக்சிலரேட், கூகுளில் ரேம்ப் என்று ஆளுக்கொரு திட்டம். நிர்வாகம் ஏற்கெனவே அந்தத் தொகையைக் கழித்துவிட்டு பட்ஜெட் போட ஆரம்பித்துவிட்டது. எனக்கு நெருடலாக இருக்கிறது. வாங்கியவர்கள் சொல்லுங்கள்: பணம் எப்படி வந்தது, எதற்கு வரவில்லை?

கணக்குப்பிள்ளை:
நான் ஃபைனான்ஸ் பக்கம் இருந்து பார்த்தவன். முதலில் பட்ஜெட்டில் கழித்ததைத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள் சார். எங்கள் வங்கிக் கணக்கில் ஒரு காசு வரவில்லை. அஸெஸ்மென்ட் (இருக்கும் சர்வர்களை ஆராய்ந்து மதிப்பிடுவது), ஆரம்பகட்டத் தயாரிப்பு இவற்றுக்கான தொகை எங்கள் விஷயத்தில் நேராக பார்ட்னருக்கு, அதாவது மைக்ரேஷன் வேலையைச் செய்துகொடுக்கும் நிறுவனத்துக்குப் போனது. அவர்கள் எங்களுக்குப் போட்ட பில்லில் குறைத்துக் காட்டினார்கள். மீதி கிரெடிட்டாக, அதாவது கிளவுட் பில்லில் கழித்துக்கொள்ளும் தொகையாக வந்தது. அதுவும் மெஷின்கள் அங்கே போய் ஓட ஆரம்பித்து, பில் ஏறிய பிறகு.

எங்களுக்கு மூச்சு முட்டியது அதற்கு முன்னால்தான். பழைய டேட்டா சென்டர் வாடகை, ஹார்டுவேர் பராமரிப்பு ஒப்பந்தம் ரெண்டும் ஓடிக்கொண்டே இருக்கும், கிளவுட் பில்லும் தொடங்கிவிடும். கட்ஓவர் (பழையதை விட்டுப் புதியதற்கு மாறும் நாள்) ஒரு மாதம் தள்ளிப்போனால் ஒரு மாதம் ரெண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். பழைய வாடகையை எந்த கிரெடிட்டும் கட்டாது. அதனால் 'ரெண்டும் ஓடும் காலம்' என்று தனி வரி போட்டுத்தான் நான் பட்ஜெட்டை அனுப்பினேன்.

இன்னொன்று, கிரெடிட் எல்லாவற்றுக்கும் செல்லாது. அமேசான் புரமோஷனல் கிரெடிட் விதிகளைப் பாருங்கள்: மார்க்கெட்பிளேஸ் என்ற அவர்களுடைய ஆன்லைன் கடையில் வாங்கும் மூன்றாம் தரப்பு மென்பொருள், டொமைன் பதிவு, ரிசர்வ்ட் இன்ஸ்டன்ஸ், சேவிங்ஸ் பிளான் என்ற நீண்டகாலத் தள்ளுபடித் திட்டங்களுக்கு முன்கூட்டிக் கட்டும் தொகை, இதெல்லாம் பொதுவாக வெளியே. காலாவதித் தேதியும் உண்டு. எங்கள் ஃபயர்வால் மார்க்கெட்பிளேஸ் வழியாக வந்தது, அதை முழுசாகக் கைக்காசில்தான் கட்டினோம்.

இரவுப்பணி:
அண்ணன் சொன்னதோடு டேகையும் (ஒவ்வொரு சர்வருக்கும் ஒட்டும் அடையாளப் பெயர்) சேர்த்துக்கொள்ளுங்கள். மேப்பில் எது மைக்ரேட் ஆன சர்வர், எது ஏற்கெனவே இருந்தது என்று பிரிப்பதே 'மேப்-மைக்ரேட்டட்' என்ற டேக் வைத்துத்தான். டேக் போட்ட நாளிலிருந்துதான் கணக்கு; முன்தேதி போட்டு வாங்க முடியாது.

பார்ட்னர் கொடுத்த டெராஃபார்ம் (கோப்பில் எழுதியபடி சர்வர்களை உருவாக்கும் கருவி) கோப்பில் டீஃபால்ட் டேக் (தானாகவே ஒட்டிக்கொள்ளும் டேக்) இருந்தது, எல்லாருக்கும் நிம்மதி. முதல் காஸ்ட் ரிப்போர்ட்டை டேக் வாரியாகப் பிரித்தால் டேக் இல்லாத வரிசைதான் பெரிசாக நிற்கிறது. தோண்டினால், எல்லாம் ராத்திரி லோடு ஏறும்போது ஆட்டோஸ்கேலிங் (லோடுக்கு ஏற்ப மெஷின்களைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி) எழுப்பிவிட்ட மெஷின்கள். டெராஃபார்மின் டீஃபால்ட் டேக் ஆட்டோஸ்கேலிங் குரூப் எழுப்பும் இன்ஸ்டன்ஸுக்கு, அதாவது மெஷினுக்குப் போய்ச் சேராது. புது மெஷின் எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் லாஞ்ச் டெம்ப்ளேட்டிலேயே இன்ஸ்டன்ஸுக்குத் தனியாக, டிஸ்க் வால்யூமுக்குத் தனியாக எழுத வேண்டும். பார்ட்னரிடம் கேட்டால், "அது உங்க ஆபரேஷன்ஸ் வேலை சார்" என்று பதில். ஒப்பந்தத்தில் டேகிங் யார் பொறுப்பு என்று ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பிறகு டேக் இல்லாமல் எதுவும் உருவாகாதபடி பாலிசி போட்டுப் பூட்டிவிட்டோம்.

பில்லிங் கன்சோலில் அந்த டேகை ஆக்டிவேட் செய்தால்தான் ரிப்போர்ட்டிலேயே தெரியும். அதையும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

எண்ணிப்பார்:
எனக்கு வருத்தம் வெண்டர் தரப்பு இலவசமாகச் செய்துதரும் அஸெஸ்மென்ட் மேல்தான். நரியைக் கிடைக்குக் காவல் வைத்த கதை என்று சொல்லிவிட மாட்டேன், ஆனால் கிட்டத்தட்ட அதுதான். நீங்கள் வருஷத்துக்கு எவ்வளவு செலவழிப்பீர்கள் என்ற மதிப்பீட்டை வைத்துத்தான் ஃபண்டிங் தொகை நிர்ணயமாகிறது. மதிப்பீடு பெரிசானால் தொகையும் பெரிசு. அப்படியிருக்கும்போது சர்வர் அளவைக் குறைத்துக் காட்ட யாருக்கு மனசு வரும்? சிபியு பத்து சதவீதம்கூட ஓடாத ஒரு ரிப்போர்ட்டிங் சர்வரை அப்படியே அதே கோர் கணக்கில் அந்தப் பக்கமும் வைத்திருந்தார்கள். சிபியு, மெமரி பயன்பாட்டின் மூலத் தரவைக் கேட்டு வாங்கி நாங்களே உட்கார்ந்து அளவெடுத்தோம். ஃபண்டிங் குறைந்தது. மாதாந்திர பில் அதைவிடக் குறைந்தது. பிபிடியை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள்.

விண்டோஸ் அதிகம் வைத்திருப்பவர்கள் கிரெடிட்டை விட லைசென்ஸைப் பாருங்கள். விண்டோஸ் சர்வர் 2012-க்கு ஆதரவு 2023 அக்டோபர் 10-இல் முடிந்தது. வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டிய பாதுகாப்பு அப்டேட்கள் மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் ஓடிய மெஷின்களுக்கு இலவசமாகக் கிடைத்தன. கையில் இருக்கும் லைசென்ஸை ஹைப்ரிட் பெனிஃபிட் என்ற அவர்கள் சலுகையில் கொண்டுபோகவும் முடிந்தது. ஃபண்டிங் என்ற பெயரில் வந்ததை விட எங்களுக்கு மிச்சமானது இதில்தான்.

பழைய ரேக்:
நல்லவேளை கேட்டேன். பிறகு வெளியேற நினைத்தால் மாட்டிக்கொள்வோமா?

எண்ணிப்பார்:
மொத்தமாக வெளியேறுகிறவர்களுக்கு டேட்டாவை எடுத்துப்போகும் கட்டணத்தை 2024 தொடக்கத்தில் கூகுள் தள்ளுபடி செய்தது, மார்ச்சில் மற்ற இருவரும் செய்தார்கள். கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதனால் பயம் அங்கே இல்லை. மாடர்னைசேஷன் என்று சொல்லி அவர்களுக்கே உரிய டேட்டாபேஸ், க்யூ (செய்திகளை வரிசையில் வைக்கும் சேவை) எல்லாவற்றுக்கும் ஏற்ப அப்ளிகேஷனை மாற்றி எழுதியிருந்தால், திரும்ப எழுதும் செலவு உங்களுடையது. இத்தனை வருஷம் இவ்வளவு செலவழிப்போம் என்று கமிட்மென்ட் கேட்டால், அந்தத் தொகையை எட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பழைய ரேக்:
நாளை ஒப்பந்த வரைவு வருகிறது. டேகிங் பொறுப்பையும் மூலத் தரவையும் சேர்க்கச் சொல்லப்போகிறேன்.

இரவுப்பணி:
ஃபண்டிங் ஒப்புதல் வருவதற்குள் அவசரப்பட்டு ஒரு சர்வரைக்கூட நகர்த்திவிடாதீர்கள் சார். "டெஸ்டுக்குத்தானே" என்று ஆரம்பிப்பார்கள்.