மறுமொழி: ‘பிரிண்ட் டிசெபிலிட்டி’க்குத் தமிழில் என்ன சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம்.

அச்சிட்ட நூலை அப்படியே படிக்க முடியாத நிலைதான் ‘பிரிண்ட் டிசெபிலிட்டி’. அப்படிப்பட்டவர்களுக்கு நூல்களை வேறு வடிவில் மாற்றித் தர வழி செய்யும் மராக்கேஷ் ஒப்பந்தத்தின் சொற்களுக்குத் தமிழ் தேடும் இழை நீண்டுகொண்டே போகிறது, எல்லா மடலையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

> ‘அச்சுக் குறைபாடு’ என்றால் போதாதா? சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் ‘அச்சுக் குறைபாடு உள்ளோருக்கான பதிப்பு’ என்று அட்டையில் போட்டால், அச்சகத்தில் மை சரியாக ஏறாத பிரதி போலிருக்கிறது என்று பாதி விலைக்குக் கேட்பார்கள். ‘அச்சு ஊனம்’ மாட்டுவண்டிக்குப் பொருந்தும். ‘அச்சு மாற்றுத்திறன்’ ஏதோ பாலிடெக்னிக்கில் நடத்தும் பயிற்சி வகுப்பு மாதிரி ஒலிக்கிறது. ‘அச்சுத் தடை’ எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் நம் ஊரில் நூலையும் தடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரசு தடை செய்த புத்தகம் என்றுதானே முதலில் தோன்றும்?

> பார்வையற்றோர் என்றே போட்டுவிடலாம். ஒப்பந்தம் யாருக்காக என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. 2013 ஜூனில் மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் நிறைவேறிய ஒப்பந்தத்தின் 3ஆவது பிரிவு, பார்வையற்றவரைச் சொல்லிவிட்டு அதோடு நிற்கவில்லை. பார்வைக் குறைவோ எழுத்தை உணர்ந்து படிப்பதில் சிரமமோ இருப்பதால் மற்றவர் அளவுக்கு அச்சை வாசிக்க முடியாதவரும் அதில் உண்டு, டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் இந்த வகையில்தான் வருகிறார்கள். அப்புறம், கண் நன்றாகத் தெரிந்தும் புத்தகத்தைக் கையில் பிடிக்கவோ பக்கத்தைப் புரட்டவோ முடியாதவர், கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தவோ நகர்த்தவோ முடியாதவர். பக்கவாதத்தில் கை விழுந்த ஒரு தமிழாசிரியரைப் பார்வையற்றோர் பட்டியலில் எப்படிச் சேர்ப்பீர்கள்? பெயரை வைத்து அவரை வெளியே நிறுத்திவிட்டால், அவர் கேட்டு வரும்போது நூலகர் அந்தப் பெயரைக் காட்டியே திருப்பி அனுப்புவார்.

இன்னொன்று. ஊனம், குறைபாடு, மாற்றுத்திறன் எல்லாமே ஆளின் உடம்பில்தான் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் முன்னுரையே, உடற்குறையும் சுற்றுப்புறத் தடைகளும் ஒன்றோடொன்று மோதும்போதுதான் இயலாமை உண்டாகிறது என்கிறது. அதன் 30ஆவது பிரிவு, பதிப்புரிமை போன்ற சட்டங்கள் நியாயமற்ற தடையாகிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. மராக்கேஷ் அந்த வழியில் வந்ததுதான். ஆகவே நாம் தேடும் சொல் வாசகரின் கண்ணைப் பற்றியதாக இல்லாமல், அவருக்கும் தாளுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பற்றியதாக இருந்தால் நல்லது.

என் பரிந்துரை: அச்சு எட்டாமை. ஆட்களைச் சொல்ல, அச்சு எட்டாதோர். எட்டாக்கனி நாக்கில் ஏற்கெனவே இருக்கிற சொல், யாருக்கும் விளக்கவுரை வேண்டாம். கண் தெரியாதவருக்கும் எழுத்து குழம்புகிறவருக்கும் கை வராதவருக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறது.

இதே போக்கில், பிரெயில், ஒலிநூல் என்று இவர்கள் படிக்கும்படி மாற்றிய பிரதியைக் குறிக்கும் ‘ஆக்சசிபிள் ஃபார்மேட் காப்பி’க்கு ‘எட்டுவடிவப் படி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம், லைசென்ஸ் எடுக்க பைக்கில் எட்டு போடுவது ஞாபகம் வருகிறது. அணுகல் என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது, ‘அணுகுவடிவப் படி’ போதும்.

> சொல் எதுவானால் என்ன, வேலை நடந்தால் சரி.

வேலை நடக்கத்தான் சொல் கேட்கிறோம் அக்கா. பதிப்புரிமை நாட்டு எல்லையோடு நிற்கிற சங்கதி. முன்பெல்லாம் ஒரு நாட்டில் விதிவிலக்கின் கீழ் பிரெயிலாக மாற்றிய நூலை அடுத்த நாட்டுக்கு அனுப்ப வழியில்லாததால், அதே நூலை அங்கே இன்னொருவர் உட்கார்ந்து முதலிலிருந்து மாற்ற வேண்டியிருந்தது. அதை மாற்றத்தான் ஒப்பந்தத்தில் 5ஆவது பிரிவு. இந்தியா 2014இல் எல்லோருக்கும் முதலில் ஏற்றது. சிங்கப்பூர் 2015, இலங்கை 2016, மலேசியா 2022. தமிழ் நூல் புழங்கும் நான்கு நாடும் உள்ளே இருக்கின்றன, இது எத்தனை மொழிக்கு வாய்க்கும்? ஆனால் இங்கே அறிவுசார் சொத்து என்பதை இலங்கையில் புலமைச் சொத்து என்கிறார்கள், அதுபோல இதற்கும் ஆளுக்கொரு பெயர் வைத்தால் ஒருவர் நூல்பட்டியலில் மற்றவர் தேடி எடுக்கவே முடியாது.

ஒரு கோப்பு அணுகுவடிவமா இல்லையா என்பதிலும் நமக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, அதையும் வரையறைக் குறிப்பில் சேர்க்க வேண்டும். யூனிகோடுக்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட நூல்கள் குவியலாகக் கிடக்கின்றன. திரையில் ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும். திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் அதை ‘ஜே கே பி ஓ’ என்று படிக்கும், ஏனென்றால் அடியில் இருப்பது வெறும் ஆங்கில விசைகள். கோப்பு டிஜிட்டல்தான், கேட்பவருக்கோ அது வெறும் இரைச்சல். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பிலோ அந்த இரைச்சல்கூட இல்லை, பக்கம் முழுக்க ஒரே படம். ‘மின்னூல்’ என்ற சொல்லை அணுகுவடிவத்துக்குப் பதிலாகப் போடக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

இப்படி நூலை மாற்றித் தரும் அமைப்பை ஒப்பந்தம் ‘ஆதரைஸ்டு என்டிட்டி’ என்கிறது. அதற்கு வந்த ‘அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம்’ அகராதிப்படி சரி, நடப்பில் ஆபத்து. அங்கீகாரம் என்றதும் ஜி.ஓ., முத்திரை, கோப்பு நகர்கிறதா என்று மாதக்கணக்கில் காத்திருப்பது எல்லாம் கூடவே வந்துவிடும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கும் எந்த அமைப்பும் லாப நோக்கில்லாமல் நூலை மாற்றித் தரலாம் என்கிறது, அதற்குத் தனி உரிமம் கேட்கவில்லை. லாபத்துக்குச் செய்கிறவருக்குத்தான் கட்டாய உரிமம் என்று தனிப் பிரிவு. ‘தகுதியுடைய அமைப்பு’ என்று போட்டால், நாலு பேர் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்யும் சிறு அறக்கட்டளையும் தயங்காமல் இறங்கும்.

யாழ்ப்பாணத்து நண்பர் இன்னும் வாய் திறக்கவில்லை. அங்கே வலுவிழந்தோர், விசேட தேவையுடையோர் என்றெல்லாம் எழுதுகிறீர்கள், அவற்றின் பக்கத்தில் ‘அச்சு எட்டாதோர்’ உறுத்துகிறதா என்று சொல்லுங்கள். பிரெயிலில் படிக்கிற நம் குழு நண்பர் இருவரின் கருத்தும் வரட்டும், அதுவரை விக்கியில் ஏற்ற வேண்டாம்.