தனிமக் குடும்பங்களை நடத்தும்போது வகுப்பில் நடந்தவை

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை:

தனிம வரிசை அட்டவணையில் முதல் தொகுதி கார உலோகங்கள், பதினேழாவது ஹாலஜன்கள், பதினெட்டாவது மந்த வாயுக்கள் என்று பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் பரீட்சையில் மதிப்பெண் வரும். விடுமுறை முடிந்து வந்து கேட்டால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதனால் குடும்பப் பெயர்களை நான் கடைசியில்தான் சொல்கிறேன்.

முதலில் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தனிமத்தின் அணு நிறை, அடர்த்தி, அதன் ஓர் அணு எத்தனை குளோரின் அணுக்களோடு சேரும் என்ற எண், இவ்வளவுதான் இருக்கும். பெயர் கிடையாது. நிறைப்படி அடுக்கச் சொல்வேன். லித்தியத்தில் தொடங்கி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என ஏறும் எண் பிறகு இறங்கும். சோடியத்தில் மறுபடி ஒன்று. யாராவது ஒரு பிள்ளை “டீச்சர், இது திரும்பத் திரும்ப வருது” என்று சொல்லும்வரை நான் வாயைத் திறப்பதில்லை.

ஜெர்மானியம் சீட்டை மட்டும் முன்பே உருவி வைத்திருப்பேன். ஒரே எண் வருபவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து அடுக்கும்போது அட்டவணையில் ஓர் ஓட்டை விழும். மேலே சிலிக்கான், கீழே வெள்ளீயம், இடப்பக்கம் காலியம், வலப்பக்கம் ஆர்சனிக். நான்கின் அடர்த்தியையும் கூட்டி நான்கால் வகுத்தால் 5.3 வருகிறது. ஒளித்து வைத்த சீட்டை எடுத்துக் காட்டினால் அதில் 5.32! அணு நிறையும் அப்படித்தான்: கணக்கில் 72.9, உண்மையில் 72.6.

தனிம அட்டவணையை வகுத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவின் பெயரை அதற்குப் பிறகுதான் எடுப்பேன். இதே ஓட்டைக்கு ‘எகா-சிலிக்கான்’ என்று பெயர் வைத்து, அணு நிறை 72, அடர்த்தி 5.5 இருக்கும் என்று அவர் 1871-இல் எழுதினார். 1886-இல் ஜெர்மன் வேதியியலாளர் விங்க்ளர் ஜெர்மானியத்தைக் கண்டுபிடித்தார். நம் பிள்ளைகளுக்கு இருந்த வசதிகூட மெண்டலீவுக்கு இல்லை. காலியம் கிடைத்ததே 1875-இல்தான்.

உருகுநிலைக்கு வந்தால் இந்தக் கணக்கு உதைக்கும். காலியத்துக்கு மேலே உள்ள அலுமினியம் 660 டிகிரி செல்சியஸ், கீழே உள்ள இண்டியம் 157. நடுவில் இருக்கும் காலியம் ஏறக்குறைய 30! உள்ளங்கையில் வைத்தாலே உருகிவிடும். இதை மறைக்காமல் காட்டிவிடுவது நல்லது. எல்லாப் பண்பும் படிப்படியாகத்தான் மாறும் என்று நம்பிக்கொண்டு போனால் மேல் வகுப்பில் திண்டாடுவார்கள்.

மேல்நிலை வகுப்பு வேதியியல் ஆசிரியர்:

மேடம் சொன்ன காலியத்தை நானும் காட்டுவதுண்டு. ஆனால் என் வகுப்பில் பெரிய கூச்சல் எழுவது ஹாலஜன்களிடம்தான் (மேலிருந்து கீழாக ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின்).

அதற்கு முன் கார உலோகங்களைக் காட்டுவேன். கண்ணாடித் தொட்டியில் தண்ணீர், நடுவே பாதுகாப்புத் திரை, எல்லோருக்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. லித்தியம் மிதந்தபடி நிதானமாக நுரைக்கும். சோடியம் உருகி உருண்டையாகி நீர்ப்பரப்பில் ஓடும். பொட்டாசியம் இளஊதாச் சுடரோடு பற்றிக்கொள்ளும். துண்டு அரிசிமணியைவிடச் சிறியதாக இருந்தால் போதும். பெரிதாகப் போட்டு வீரம் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ருபீடியம், சீசியம் காணொளியோடு சரி.

“கீழே போகப்போக வேகம் கூடுது சார்” என்று வகுப்பே சொல்லும். அந்தச் சூட்டோடு, “ஹாலஜன்களில் எது முரடு?” என்று கேட்பேன். அயோடின் என்று ஒரே குரலில் பதில் வரும். பொட்டாசியம் புரோமைடு கரைசலில் குளோரின் நீரை ஊற்றுவேன். நிறம் ஆரஞ்சாகும், அதாவது புரோமின் வெளியே தள்ளப்பட்டுவிட்டது. அயோடின் கரைசலை ஊற்றினால் புரோமைடு அசைந்து கொடுக்காது. ஆக, இங்கே மேலே இருப்பதுதான் முரடு.

ஏன் தலைகீழ்? நான் உடனே சொல்வதில்லை. “எலக்ட்ரானைக் கொடுப்பது யார், வாங்குவது யார்?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். ஒருமுறை, வழக்கமாக வாயே திறக்காத ஒரு மாணவி எழுந்து, “அணு பெருசாகப் பெருசாக உட்கரு வெளிக்கூட்டைப் பிடிக்கிற பிடி தளருது. கொடுக்கிறவனுக்கு அது லாபம், வாங்குறவனுக்கு நஷ்டம்” என்றாள். நான் தயாரித்து வைத்திருந்த விளக்கத்தை அதோடு மடித்து வைத்துவிட்டேன்.

தனிப்பயிற்சி நடத்துபவர்:

என்னிடம் ஆய்வகம் இல்லை. வாய்ச் சண்டைதான் என் கருவி. ஹைட்ரஜனை எங்கே வைப்பது என்று இரு அணியாகப் பிரித்துவிடுவேன். வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான், அதனால் சோடியத்தின் தலைமேல் என்பது ஒரு கட்சி. இன்னும் ஒன்று கிடைத்தால் கூடு நிரம்பிவிடும், அதனால் ஃபுளூரின் பக்கம் என்பது இன்னொரு கட்சி. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. தீர்ப்பு சொல்லாமல் விட்டால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

இரண்டாம் தொகுதி நடத்தியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். அணுகுண்டுச் சோதனைகளில் வெளியான கதிரியக்க ஸ்ட்ரான்சியம்-90 உடலுக்குள் போனால் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து எலும்பில் தங்கிவிடும், இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் உடலுக்கு வேறுபாடு தெரிவதில்லை என்றேன். ஒரு பையன் அட்டவணையில் விரலைக் கீழே இறக்கி, “அப்போ ரேடியமும் எலும்புக்குத்தானே போகும்?” என்று கேட்டான். போகும். இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியச் சாயம் பூசிய பெண்களுக்கு 1920-களில் தாடை எலும்பே அரித்துப்போன கதையை அன்று சொன்னேன்.

அவன் விடவில்லை. “நடுவுல இருக்கிற பேரியத்தை எக்ஸ்ரே எடுக்கும்முன் குடிக்கக் கொடுக்கிறாங்களே, அது மட்டும் எப்படி?” என்றான். கொடுப்பது பேரியம் சல்பேட். அது கரையாது, அதனால் உடலில் சேராமல் குடல் வழியாகவே வெளியேறிவிடும். கரையக்கூடிய பேரியம் குளோரைடு என்றால் நஞ்சு. தனிமத்தின் குடும்பம் ஒரு பக்கம், அது எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்பது இன்னொரு பக்கம் என்று அன்றைய மீதி நேரம் அதிலேயே போனது.