கன்னர் பெரிய ஆளா, சார்ஜன்ட் பெரிய ஆளா?

உப்புவெளியான்:
போன ஞாயிறு மகளோடு திருகோணமலை நிலாவெளி வீதியில் இருக்கிற பிரித்தானியப் போர் மயானத்துக்குப் போனேன். எத்தனையோ தரம் பஸ்ஸில் கடந்திருக்கிறேன், உள்ளே கால் வைத்தது இதுதான் முதல் தரம். கற்களில் சின்னம், இலக்கம், பதவி, பெயர், படையணி எல்லாம் வெட்டியிருக்கிறது. ஒருவருக்குக் கன்னர், பக்கத்துக் கல்லில் சார்ஜன்ட். யார் பெரிய ஆள் என்று மகள் கேட்க, நான் முழுசினேன். பிளட்டூன், கொம்பனி, பட்டாலியன், ரெஜிமென்ட் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று எப்படி அடங்கும், எதற்கு யார் தலைவர்? தெரிந்தவர்கள் விளங்கப்படுத்துங்கள்.

மட்டிக்களி மாமா:
கன்னர் என்றால் பீரங்கிப் படையின் சாதாரணச் சிப்பாய், தம்பி. காலாட்படையில் பிரைவேட், பொறியியல் படையில் சப்பர், எல்லாம் ஒரே படிதான். சார்ஜன்ட் நன்றாக மேலே.

பிரித்தானிய முறையில் காலாட்படைக் கணக்கு இப்படிப் போகும்: எட்டுப் பத்துப் பேர் ஒரு செக்ஷன், அதற்குக் கோப்ரல். மூன்று செக்ஷன் சேர்ந்தால் பிளட்டூன், அதற்கு லெப்டினன்ட். ஆனால் அந்த லெப்டினன்ட் பயிற்சி முடித்து நேற்று வந்த பொடியனாக இருப்பான், பக்கத்தில் பல வருடம் அடிபட்ட சார்ஜன்ட் ஒருவர் நிற்பார், பிளட்டூனை உண்மையில் ஓட்டுவது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மூன்று பிளட்டூன் கொம்பனி, மேஜர். நாலைந்து கொம்பனி பட்டாலியன், 600 முதல் 800 பேர் வரை, லெப்டினன்ட் கேணல். அதற்கு மேல் பிரிகேட், டிவிஷன். நம்மூரில் 22ஆவது படைப்பிரிவு என்கிறோமே, அது டிவிஷன், மேஜர் ஜெனரலின் பொறுப்பு. அமெரிக்கப் படம் பார்த்துக் குழம்பாதீர்கள், அங்கே கொம்பனிக்குக் கப்டன்.

கோட்டைவாசல்:
மாமா ரெஜிமென்ட்டை நைசாகத் தாண்டிவிட்டார் :) காலாட்படையில் அது சண்டைக்குப் போகிற அலகு இல்லை, ஒரு குடும்பப் பெயர் மாதிரி. இலங்கைத் தரைப்படையின் கஜபா ரெஜிமென்ட் என்றால் சின்னமும் வழமையும் ஒன்று, அதன் பட்டாலியன்கள் வேறு வேறு பிரிகேட்டுகளின் கீழ் இருக்கலாம். பீரங்கிப் படையில் மட்டும் கதை வேறு, அங்கே ரெஜிமென்ட் பட்டாலியனுக்குச் சமமான நிஜ அலகு, உள்ளே கொம்பனிக்குச் சமமான பட்டரிகள். இன்னொன்று, பட்டாலியன் தலைவர் சி.ஓ. (கொமாண்டிங் ஒஃபிசர்), கொம்பனித் தலைவர் ஓ.சி. (ஒஃபிசர் கொமாண்டிங்). எழுத்து இடம் மாறினால் ஆளே மாறிவிடும்.

டொக்யார்ட் பேரன்:
அந்த மயானத்தில் கடற்படைக் கற்களும் இருக்கின்றன, அவற்றில் படையணிக்குப் பதில் கப்பல் பெயர். ஹெச்.எம்.எஸ். (பிரித்தானிய அரசரின் கப்பல்) ஹைஃபிளையர் என்று கண்டால் கப்பலோடு மூழ்கியவர் என்று நினைக்க வேண்டாம். அது இங்கே கரையில் இருந்த தளம். ஹெச்.எம்.எஸ். பம்பாரா சீனக்குடா விமானத்தளம். பிரித்தானியக் கடற்படை தரைத் தளத்துக்கும் கப்பல் பெயர்தான் வைக்கும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, இங்கே டொக்யார்டில் இருக்கிற நம் கடற்படைத் தளத்துக்கு இப்போது எஸ்.எல்.என்.எஸ். (இலங்கைக் கடற்படைக் கப்பல்) திஸ்ஸ என்று பெயர்.

அப்புறம் கப்டன். தரைப்படைக் கப்டன் கடற்படை லெப்டினன்டுக்குச் சமம், கடற்படைக் கப்டனோ கேணலுக்குச் சமம். போதாக்குறைக்கு, சின்னக் கப்பலை நடத்துகிற லெப்டினன்டையும் அந்தக் கப்பலில் கப்டன் என்பார்கள், அங்கே அது பதவி இல்லை, பொறுப்பு.

உப்புவெளியான்:
எல்லாருக்கும் நன்றி. போனில் எடுத்த படங்களைப் பார்த்தேன், ஹைஃபிளையர் கல் ஒன்று இருக்கிறது. அவர் கப்பலோடு போனவர் என்று மகளுக்குப் பெரிய கதையே சொல்லி வைத்திருக்கிறேன், இனி அதை மாற்ற வேண்டும்.