சிக்னலில் நின்றால் மட்டும் ஹீட் ஏறுகிறது

கேள்வி: 1998 மாடல் பெட்ரோல் கார். பைபாஸில் 80-ல் போனால் ஹீட் மீட்டர் முள் பாதியிலேயே நிற்கிறது. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் சிவப்புக் கோட்டுக்குப் போகிறது. வாட்டர் பம்ப் மாற்றலாமா?

பதில் 1: பம்ப்பை இப்போதைக்குத் தொடாதீங்க. ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நிற்கும்போது ஃபேன்தான் கதி. முதலில் ஃபியூஸ் பாருங்க. பிறகு ஃபேன் ஸ்விட்ச் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டர் ஃபேனைத் தானாக ஓடவிடுவது) சாக்கெட்டைக் கழற்றி, இக்னிஷன் ஆனில் அந்த இரண்டு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் சேருங்க. ஒற்றை ஒயர் என்றால் பாடியில் எர்த் கொடுங்க. ஃபேன் சுற்றினால் ஸ்விட்ச் போச்சு. சுற்றவில்லையா, ரிலே (ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி) அல்லது மோட்டார். கையால் சுற்றிப் பார்க்கும்போது இறுக்கமாக இருந்தால் மோட்டாரேதான்.

பதில் 2: ரேடியேட்டர் மூடியையும் பாருங்க, ஆனால் இன்ஜின் நன்றாக ஆறின பிறகுதான், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். 0.9 பார் அழுத்தத்துக்கான மூடி சரியாகப் பிடித்தால் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. அடி ரப்பர் வெடித்திருந்தால் 100-லேயே கொதிக்கும். போர் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீங்க, உப்புப் படிந்து குழாய் அடைக்கும். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி.

கேள்வி கேட்டவர்: ஒயரைச் சேர்த்ததும் ஃபேன் சுற்றியது!

பதில் 1: அப்போ ஸ்விட்ச்தான். வாஷரோடு மாற்றுங்க. கூலன்ட் நிரப்பியதும் மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை ஃபுல்லில் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்க. உள்ளே இருக்கும் காற்று வெளியேறிவிடும். அதற்குப் பிறகும் குமிழி நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) சோதிக்கணும்.